உங்களுக்குத் தெரியுமா? ஊட்டி ஊன்றும்போது மணலி மூட்டை கட்டும்!

நீலகிரியில் கார்போக உருளைக்கிழங்கை ஊன்றுவது ஏப்ரல், மே மாதங்களில். அதே நாட்களில் வடசென்னையின் மணலியில் மாடித்தோட்டத்துத் தக்காளி பூப்பதோடு சரி. காய் பிடிப்பது அபூர்வம். மாநிலம் ஒன்றுதான். ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மணலியோ கடல்மட்டத்தை ஒட்டி.

● குறை உரத்தில் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். வெண்டையும் கொத்தவரையும் இந்த வெயிலைச் சட்டை செய்யாது.

● சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆடிப்பட்டத்தில் விதைத்த செடி அதற்குள் வேர் பிடித்திருக்கும். ஐப்பசி அடைமழையில் தூவிய விதை? வாய்க்காலோடு போகும்.

● வெள்ளரி, பூசணி, தர்பூசணிக்குத் தைப்பட்டம்.

● வடசென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது 1960களின் இறுதியிலேயே தெரியவந்தது. போர் தண்ணீர் கரித்தால் பீன்ஸ் முதலில் வாடும்; பீட்ரூட் ஓரளவு தாங்கும். மழை உப்பைக் கழுவிவிட்ட மார்கழி மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

● வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் ‘வசந்தத்தில் விதைக்கவும்’ என்றிருந்தால், மணலிக்காரர்கள் அதைத் தைரியமாக மறந்துவிடலாம்.