மதுச்சார்பு நோய்: திடீரென நிறுத்தும் முன் அறிய வேண்டியவை

மதுச்சார்பு ஒழுக்கக் குறைவு அன்று. மூளையின் இயக்கத்தை மாற்றும் நோய். அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, முன்பைவிட அதிகம் தேவைப்படுதல், காலையில் கை நடுக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். சிகிச்சையால் இதிலிருந்து மீள முடியும்.

திடீரென நிறுத்தினால்

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் நிறுத்திய 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்கலாம். 48 மணி நேரத்திற்குள் வலிப்பும், 2 அல்லது 3 நாட்களில் மனக்குழப்பமும் ஏற்படலாம். இவை உயிருக்கு ஆபத்தானவை. பூம்புகாரிலிருந்து கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்களுக்கு அங்கு மருத்துவ உதவி உடனே கிட்டாது. எனவே, கரையில் இருக்கும்போதே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீடிக்கும் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்றது.

சிகிச்சை

முதலில் நடுக்கமும் வலிப்பு அபாயமும் மருந்துகளால் தணிக்கப்படும். தயமின் (வைட்டமின் பி1) அளிக்கப்படும். பின்னர் உளவியல் ஆலோசனையும், குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் தொடரும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

டைசல்ஃபிராம் மாத்திரையை நோயாளி அறியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். அதன்பின் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரிழக்கவும் நேரலாம். மீண்டும் குடித்துவிட்டால் பழிக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டால் 108. ஆலோசனைக்கு 104 அல்லது 14416.