அற்புத வரங்கள் இன்றும் தொடர்கின்றனவா? கிறிஸ்தவர்களுக்குள் நடக்கும் நீண்ட விவாதம்

நோயாளிகள் குணமடைவார்கள் என்ற அறிவிப்போடு ஒட்டப்படும் ஜெபக்கூட்டச் சுவரொட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் நீண்டநாள் நோயாளி ஒருவர் இருந்தால், அக்கறையுள்ள அண்டை வீட்டார் ஒருமுறையாவது அங்கே அழைத்திருப்பார்கள். இதைப் பார்த்து, கிறிஸ்தவர்கள் அனைவரும் இப்படித்தான் நம்புகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இந்தக் கேள்வியில் அவர்களுடைய அறிஞர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பிற மதத்தாரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சொல்லாததை அவர்கள் மீது ஏற்றக் கூடாது. ஆகவே இரு தரப்பும் சொல்வதை அவரவர் வாதப்படியே பார்ப்போம்.

முதலில், வரங்கள் என்றால் என்ன? பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12-வது அதிகாரத்தில் ஒன்பது வரங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. நோய் தீர்த்தல், அற்புதம் செய்தல், தீர்க்கதரிசனம் உரைத்தல், அந்நிய பாஷை பேசுதல், அதற்குப் பொருள் சொல்லுதல் ஆகியவை அவற்றில் அடங்கும். பரிசுத்த ஆவி இவற்றை விசுவாசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இறைவன் இன்று அற்புதம் செய்வானா என்பதல்ல சர்ச்சை. வரங்கள் நின்றுவிட்டன என்போரும் நோயாளிக்காக ஜெபிக்கிறார்கள். இறைவன் நாடினால் குணமளிப்பான் என்றே நம்புகிறார்கள். ஒரு மனிதருக்கு அது நிலையான வரமாகக் கொடுக்கப்பட்டு, அவர் கைவைத்தால் நோய் தீரும் என்ற நிலை இன்றும் உண்டா என்பதுதான் கேள்வி. முஃஜிஸா வேறு, கராமத் வேறு, ஏற்கப்பட்ட துஆ வேறு என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு இது எளிதில் புரியும்.

அதே கடிதத்தின் 13-வது அதிகாரத்தில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் ஒருநாள் ஓயும் என்றும், நிறைவானது வரும்போது குறைவானது நீங்கும் என்றும் பவுல் எழுதுகிறார். அந்த ‘நிறைவானது’ எது? புதிய ஏற்பாடு எழுதி முடிக்கப்பட்டதே அது, எனவே வரங்களின் காலமும் முடிந்தது என்பது ஒரு சாராரின் விளக்கம். நபி ஈஸா (அலை) திரும்பி வரும் நாளே அது, அதுவரை வரங்கள் உண்டு என்பது மறுசாராரின் விளக்கம். அடுத்த வசனங்களில் முகத்துக்கு முகம் காணும் நாளைப் பற்றிப் பேச்சு வருவதால், இரண்டாவது விளக்கமே அந்த இடத்துக்கு இயல்பாகப் பொருந்துவதாக நமக்குத் தோன்றுகிறது. ‘நின்றுவிட்டது’ என்னும் தரப்பிலேயே சில அறிஞர்கள் இதை ஒப்புக்கொண்டு, தங்கள் வாதத்தை வேறு இடத்தில் நிறுத்துகிறார்கள்.

அந்த வேறு இடம் வலுவானது. அற்புதங்கள் அப்போஸ்தலர்களுக்கு இடப்பட்ட முத்திரை. தூதை உறுதிப்படுத்தவே அவை வந்தன. தூது முழுமை பெற்றபின் முத்திரைக்கு வேலையில்லை என்கிறார்கள். பவுலே தம் தோழர் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்ததையும், வயிற்றுக் கோளாறுள்ள தீமோத்தேயுவுக்குக் கைவைத்துக் குணமாக்காமல் உணவுப் பழக்கத்தில் மருந்து சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதைவிடக் கனமான கேள்வி, இறைச்செய்தி முற்றுப்பெற்றதா என்பது. இன்றும் தீர்க்கதரிசனம் வருமானால் வேதம் மூடப்பட்ட நூல் என்று எப்படிச் சொல்வது? தொடர்கிறது என்போரில் பெயர்பெற்ற அறிஞர் வெய்ன் க்ரூடெம் இதற்கு 1988-ல் வெளிவந்த தம் நூலில் பதில் சொல்கிறார்: புதிய ஏற்பாட்டுச் சபைகளில் இருந்த தீர்க்கதரிசனம் வேதத்துக்கு நிகரானதல்ல; அதில் பிழையும் வரலாம்; சபை அதைச் சோதித்தே ஏற்க வேண்டும். எதிர்த்தரப்பு விடவில்லை. பிழை வரக்கூடியதை இறைவனின் பெயரால் சொல்வது எப்படி என்று திருப்பிக் கேட்டது. வஹீ பற்றிப் பாடம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

சர்ச்சை புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் ஃபிரிகியா பகுதியில், மொன்டானுஸ் என்பவரும் இரு பெண்களும் புதிய தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். சபை அவர்களை விலக்கியது. நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்டம், இந்த வரங்கள் தம் காலத்தில் நின்றுவிட்டதால்தான் பவுலின் அந்தப் பகுதி விளங்குவதில்லை என்றார். அகஸ்டின் தொடக்கத்தில் அற்புதக் காலம் முடிந்தது என எழுதினார். முதுமையில் ‘கடவுளின் நகரம்’ நூலில் தம் ஊரில் நடந்தவை என்று பல குணமாதல்களைப் பதிவுசெய்தார். கத்தோலிக்கச் சபை அற்புதங்கள் நின்றதாக ஒருபோதும் சொன்னதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் அதிலிருந்து பிரிந்தபோது, ‘உங்களிடம் அற்புதம் எங்கே’ என்று கேட்கப்பட்டது. குணமாக்கும் வரம் தற்காலிகமானது என்பது அவர் நிலைப்பாடு. அந்த வழியில் பிரின்ஸ்டன் பேராசிரியர் வார்ஃபீல்டு 1918-ல் வெளியிட்ட நூல், நின்றுவிட்டது என்னும் தரப்புக்கு இன்றும் அடித்தளம்.

அந்நூல் வரும் முன்பே காற்று திசைமாறிவிட்டது. 1906-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகனான வில்லியம் சீமூர் என்னும் கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களில் பலர் அந்நிய பாஷை பேசினார்கள். இன்றைய பெந்தெகொஸ்தே இயக்கம் பரவியது அங்கிருந்துதான். ஆனால் நம் தமிழ் மண்ணில், அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, 1860-ல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் வழிநடத்திய திருநெல்வேலி எழுப்புதலில் இதே நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் தொடங்கியது என்று எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். 2010 நிலவரப்படி பியூ ஆய்வு மையம் தந்த மதிப்பீட்டில் பெந்தெகொஸ்தேயினர் சுமார் 27.9 கோடி, பிற சபைகளில் இருந்துகொண்டே இந்த வரங்களை ஏற்கும் கரிஸ்மாட்டிக் பிரிவினர் 30.5 கோடி. அதாவது உலகக் கிறிஸ்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல்.

அசூசா காலத்தவர்கள் தாங்கள் பேசுவது உண்மையான உலக மொழிகள் என்றே முதலில் நம்பினார்கள். ஆல்ஃபிரெட் கார் என்பவர் தமக்கு வங்காள மொழி அருளப்பட்டதாக எண்ணி மனைவியோடு கல்கத்தா வந்தார். வந்து பேசிப் பார்த்தபோது அங்கே எவருக்கும் புரியவில்லை. அவர் அதனால் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அது மக்களுக்குப் போதிப்பதற்கான மொழி அல்ல, இறைவனைத் துதிப்பதற்கான மொழி என்று விளங்கிக்கொண்டார். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலோரின் விளக்கம் இன்று ஏறக்குறைய அதுவே. டொரன்டோ பல்கலைக்கழக மொழியியலாளர் வில்லியம் சமரின் பல நாடுகளில் இத்தகைய பேச்சைக் கேட்டு ஆராய்ந்து 1972-ல் நூல் எழுதினார். பேசுபவரின் சொந்த மொழி ஒலிகளே மாறிமாறி அடுக்கப்படுகின்றன, அதில் மொழிக்குரிய இலக்கண அமைப்பு இல்லை என்பது அவர் முடிவு. அதேசமயம் அதை மனநோய் என்றோ மோசடி என்றோ அவர் சொல்லவில்லை.

குடும்பங்களை நேரடியாகத் தொடுவது நோய் தீர்க்கும் வரம்தான். 1986-ல் அமெரிக்கப் போதகர் பீட்டர் போபாஃப், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயரையும் நோயையும் இறைவன் அறிவிப்பதாகச் சொல்லிவந்தார். ஜேம்ஸ் ராண்டி குழுவினர் வானொலிக் கருவியோடு சென்று கேட்டபோது, போதகரின் காதுக்குள் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி! ஒரு மோசடிக்காரரை வைத்து ஒரு கொள்கையைத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓதிப் பார்த்தலின் பெயரால் நம்மிடையே காசு பறிப்போர் இல்லையா?

மோசடி இல்லாத இடத்திலும் ஆபத்து உண்டு. ஃபிலடெல்ஃபியாவில், மருந்தை மறுத்து ஜெபத்தை மட்டும் நம்பும் ஒரு சிறு சபையைச் சேர்ந்த தம்பதியின் குழந்தை 2009-ல் நிமோனியாவில் இறந்தது. நீதிமன்றம் அவர்களை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. 2013-ல் இன்னொரு குழந்தையும் அதே நோயில் இறந்தது. பெற்றோர் சிறை சென்றார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர், பிள்ளைகளை நேசித்தவர்கள்.

இன்னொரு கோடியில் பிரான்சின் லூர்து நகரம் இருக்கிறது. 1858 முதல் நோயாளிகள் திரண்டு வரும் அந்தத் தலத்தில் குணமடைந்ததாக முறையிட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். மருத்துவர்களின் சோதனைக்குப்பின் கத்தோலிக்கச் சபை அற்புதமென ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும்.

கூட்டத்துக்கு அழைக்கும் அண்டை வீட்டாரிடம் நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவர்கள் அன்பினால் அழைக்கிறார்கள். ஆனால் நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கே பேச்சை முடித்துக்கொள்ளலாம். வரங்கள் தொடர்கின்றன என்று உறுதியாக நம்பும் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான அசெம்பிளீஸ் ஆஃப் காட் கூட, மருத்துவரிடம் செல்வது விசுவாசத்துக்கு முரணானது என்று சொல்வதில்லை.