பெருநாளுக்கு முன் ஃபிரிட்ஜையும் அடுப்பையும் ஒருமுறை



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் துணி எடுப்பது, மசாலா அரைப்பது, வீட்டைக் கழுவுவது என்று வேலைகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஃபிரிட்ஜுக்கு இடம் கிடைப்பதில்லை. பெருநாள் அன்று குர்பானி இறைச்சி வந்து இறங்கும்போதுதான் பழைய குழம்புச் சட்டியும், ஐஸ் கட்டிக் கிடக்கும் ஃபிரீசரும் கண்ணில் படும். கிடைத்த சந்தில் பைகளைத் திணித்துக் கதவை அழுத்தி மூடிவிடுகிறோம். இரண்டு நாளில் வாடை வரும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். நம் வீட்டுக்கும் உறவினருக்கும் ஏழைகளுக்கும் சேரவேண்டிய பங்கு இப்படி வீணாகலாமா?

ஆகவே பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே, உள்ளே சாமான் குறைவாக இருக்கும்போது, ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். நாம் தினமும் துடைக்கும் இடங்களில் பெரிய ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடங்களைத்தான் கவனிக்கவேண்டும்.

ஃபிரிட்ஜின் உள்ளே

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொடவேண்டாம். உள்ளே இருக்கும் பொருட்களை, மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற தெர்மாகோல் பெட்டியில் ஐஸுடன் வைக்கலாம். வீட்டில் யாருக்காவது இன்சுலின் இருந்தால் அதைத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

ஃபிரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் படிந்திருந்தால் அதைக் கரைத்துவிட வேண்டும். கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தால் போதும். கத்தி, கரண்டிக் காம்பு எதைக்கொண்டும் குத்தாதீர்கள். ஐஸுக்குப் பின்னால் குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய் இருக்கிறது. இப்போது வரும் ஃபிரிட்ஜுகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற வாயு உள்ளது. அது தீப்பற்றக்கூடியது. பின்புற லேபிளில் 'ஆர்-600ஏ' என்று இருந்தால் அந்த வாயுதான்.

கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் விரிசல் விடும். சற்று நேரம் குளிர் விட்டபின் கழுவுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து உள்சுவர்களைத் துடைத்தால் வாடை போகும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்புகளில் கறுப்பாகப் பூஞ்சை ஒட்டியிருக்கும்; பழைய டூத்பிரஷால் தேய்த்தெடுங்கள். பிறகு ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. குளிர் வெளியேறி மின்கட்டணம் ஏறும்.

பின்புறத் தட்டு: டெங்கு கொசுவின் வீடு

ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரெஸர் பக்கத்தில், உள்ளிருந்து வடியும் நீர் சேரும் ஒரு தட்டு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைப் பார்க்காத வீடுகள் ஏராளம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள் போதும். சுகாதாரத் துறை ஊழியர்கள் வீடு வீடாக வரும்போது ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசுவின் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டால் பொரிக்கும். எனவே வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டைக் கழற்ற முடியாத மாடலாக இருந்தால் நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, ஓரங்களை அழுத்தித் துடையுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கும் முன் என்று நாள் குறித்துக்கொண்டால் மறக்காது.

பின்புறம் கறுப்புக் கம்பிவலை தெரியும் ஃபிரிட்ஜ் என்றால் அதில் படிந்த தூசியை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஃபிரிட்ஜின் அடிப்பாகமும் அடுப்பின் கால்களும் துருப்பிடிப்பது அதனால்தான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் உடனே மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

இறைச்சி வைக்கும் முறை

கழுவி முடித்ததும் ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்கும்படி வையுங்கள். வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. பெருநாள் இப்போது கோடையில் வருவதால் இது முக்கியம்.

பத்துக் கிலோவை ஒரே மூட்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்குள் கெடத் தொடங்கிவிடும். அரை கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாகத் தட்டையாகப் பரப்பி, இடைவெளி விட்டு வையுங்கள். ஃபிரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்தவுடன் அவை விழித்துக்கொள்ளும். ஆகவே உறைந்த இறைச்சியை முதல் நாள் இரவே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். பச்சை இறைச்சியின் நீர் மற்ற உணவில் சொட்டாமல், மூடிய பாத்திரத்தில் வைப்பது நல்லது.

கரன்ட் போனால்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. நம் பகுதிக்கு இது புதிதில்லை. கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃபிரீசரில் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியதில் 24 மணி நேரமும் தாங்கும். இறைச்சியில் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுதும் இளகி வெதுவெதுப்பாகக் கிடந்ததை, வாடை இல்லாவிட்டாலும், சாப்பிட வேண்டாம்.

கேஸ் அடுப்பு

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறியபின் பர்னர்களைக் கழற்றுங்கள். புளி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பித்தளை பளிச்சிடும். அடைத்த துளைகளைக் குண்டூசியால் நீக்கலாம். உள்ளே கேஸ் வரும் சிறிய ஜெட் துளையை மட்டும் குத்திப் பெரிதாக்கக்கூடாது. ஈரம் முழுதும் காய்ந்தபின் பொருத்துங்கள். தீ நீலமாக எரிந்தால் சரி. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது; கேஸ் வீணாவதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும்.

கேஸ் டியூபில் வெடிப்பு உள்ளதா என்று வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கசிவு சந்தேகம் வந்தால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

கலக்கக் கூடாதவை

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ப்ளீச்சிங் பவுடருடன் வினிகரையோ டாய்லெட் கழுவும் ஆசிடையோ கலப்பவர்கள் உண்டு. கலந்தவுடன் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது மூச்சுக்குழலைச் சுட்டுவிடும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிராபத்து. ஆப்பசோடா, சோப்பு, வெந்நீர் இவையே நம் வேலைக்குப் போதும்.

இது பெண்கள் தலையில் மட்டும் விழவேண்டிய வேலையல்ல. ஃபிரிட்ஜை நகர்த்துவதும் பின்புறத் தட்டைக் கழுவுவதும் வீட்டு ஆண்கள் செய்யவேண்டியவை. கடைசியாக ஒன்று. நம் தெருவில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்குரிய பங்கை மாலை வரை நம் ஃபிரிட்ஜில் வைத்திராமல், முதல் ஆளாக அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்போம். அன்று மதியமே அவர்கள் வீட்டு அடுப்பிலும் பெருநாள் சமையல் கொதிக்கட்டும்.