கொப்புள வண்டும் அதன் நஞ்சும்

வெண்டி, பயறு, துவரை, பூசணி ஆகியன பூக்குங் காலத்தில், கரிய முதுகில் செம்மஞ்சட் பட்டைகளையுடைய, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமான வண்டொன்று பூக்களைத் தின்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். இதுவே கொப்புள வண்டாகும். பூ அழிந்தாற் காயில்லை. ஆதலின் இதனை வெறுங்கையாற் பற்றி நசுக்குவர் பலர். அது பெருந்தவறு.

வண்டைத் தொட்டதும் அதன் கால் மூட்டுக்களிலிருந்து மஞ்சள் நிறத் திரவங் கசியும். அதிலுள்ள நஞ்சு கந்தரிடின் எனப்படும். அது தோலிற் பட்டு, சில மணி நேரஞ் சென்ற பின்னரே மேற்றோலின் கலங்கள் பிரிந்து நீர் கோத்துக் கொப்புளம் எழும். காலையில் வண்டு பிடித்தவர் மாலையிற் கண்ட கொப்புளத்திற்கு வேறு காரணந் தேடுவது இதனாலேயே.

1810 ஆம் ஆண்டிற் பிரான்சிய இரசாயன அறிஞர் ரொபிக்கே, ஐரோப்பாவிலுள்ள பச்சை நிறக் கொப்புள வண்டிலிருந்து இந்நஞ்சைப் பிரித்தெடுத்தார். ‘ஸ்பானிய ஈ’ என்பது அவ்வண்டின் பெயர், ஈயன்று, வண்டே. காம இச்சையைத் தூண்டுமென அதன் தூளை உட்கொண்டு மாண்டோர் உளர். சிறுநீர் வழியை நஞ்சு எரிப்பதையே அவர்கள் இச்சையென மயங்கினர். சில பத்து மில்லிகிராம் உயிரைப் போக்கவல்லது. பிழைத்தாலும் சிறுநீரகம் பழுதுறும். அத்தகைய தூளை எவர் தரினும் வாங்கற்க.

அளவறிந்தோர் கையில் இதுவே மருந்துமாகும். மருக்களை அகற்றத் தோல் வைத்தியர் இதனைப் பூசுவர். கொப்புளம் மேற்றோலளவில் நிற்பதாற் பெரும்பாலும் தழும்பின்றி ஆறும். வைரசினால் தோலில் உண்டாகும் ‘மொலஸ்கம்’ என்னும் சிறு பருக்களுக்கு 0.7 சதவீதக் கரைசலை ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2023 இல் அங்கீகரித்தது. அதனைப் பூசுவோர் பயிற்சி பெற்ற வைத்தியத் துறையினரே. வண்டை நசுக்கி மருவில் தேய்ப்பது வைத்தியமன்று.

வண்டுகள் மந்தமாயிருக்கும் அதிகாலையில், கையுறையோ தடித்த பொலித்தீன் பையோ அணிந்து, சவர்க்கார நீருள்ள வாளியில் அவற்றைத் தட்டி வீழ்த்துக. பூக்குங் காலத்தில் நாசினி தெளிப்பின் தேனீக்களும் மடியும். இவ்வண்டின் புழுக்கள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்பதால், இதனை முழுப் பகையென்று கூறவும் இயலவில்லை. நஞ்சு பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நஞ்சு எண்ணெயிற் கரையுமாதலால் எண்ணெய் தடவலாகாது. கண்ணிற் பட்டால் நீரால் நன்கு கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க; வாயிற் சென்றாலும் தாமதிக்கலாகாது. செத்த வண்டிலும் நஞ்சு நிலைத்திருக்கும். அமெரிக்காவில் உலர்புல்லுடன் கலந்த வண்டுகளை உண்டு குதிரைகள் மாண்டதுண்டு; எனவே, வண்டு மொய்த்த பயற்றங்கொடியை ஆடுமாடுகளுக்கு இடற்க.

நெல் வயலிற் காணும், எறும்பை ஒத்த, செம்மஞ்சளுங் கருமையுங் கலந்த சிறு வண்டும் தோலைப் புண்ணாக்கும். அதன் நஞ்சு வேறு. பெடரின் என்பது அதன் பெயர். தத்திகளைத் தின்னும் அவ்வண்டு நெல்லுக்கு நண்பனாதலால், உடலில் ஊர்ந்தால் நசுக்காது ஊதிவிடுக.