உங்களுக்குத் தெரியுமா? ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் பொருளே மாறும்!

• ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு! இப்படி வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சின்னச் சொற்கள் சேர்ந்து வருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். ‘கைவிடு’ என்பதைக் கை, விடு என்று பிரித்தால் பொருள் கிடைக்குமா? இதுவும் அப்படித்தான்.

• 1755-ல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவரைப் பெரிதும் திணறடிப்பவை இவைதான் என்று எழுதினார் சாமுவேல் ஜான்சன். அதனாலேயே அக்கறையோடு தேடித் தொகுத்தார்.

• ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித்தின் ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலில் வந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி.

• கூட்டத்தை ‘புட் ஆஃப்’ செய்தால் தள்ளிவைப்பு. ‘கால் ஆஃப்’ செய்தால் ரத்து. மெயில் அனுப்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

• ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் வரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியவே பிரியாது: ‘லுக் ஆஃப்டர் ஹெர்’.

• ‘கோப் அப் வித்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். ‘கோப் வித்’ என்பதே சரி. ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ இரண்டிலும் ‘அப்’ கட்டாயம் வேண்டும்.

• படிப்பை முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்கிறோம். அமெரிக்கர் காதில் அது ‘மயங்கி விழுந்தேன்’ என்று விழும்! வெளிநாட்டு நிறுவன நேர்காணலில் ‘கிராஜுவேட்டட்’ என்றே சொல்லுங்கள்.

• கார் ‘பிரேக் டவுன்’ ஆகிறது என வினையாகச் சொல்லும்போது ‘டவுன்’ மீது அழுத்தம். எழுதும்போது இரண்டு சொல். பெயர்ச்சொல்லானால் ‘பிரேக்’ மீது அழுத்தம், சேர்த்து ஒரே சொல். ‘லாக் இன்’, ‘லாகின்’ வேறுபாடும் இதுவே.

• ‘டேக் ஆஃப்’ ஒன்றுதான். விமானம் கிளம்பவும் அதுவே, ஷூவைக் கழற்றவும் அதுவே, லீவு எடுக்கவும் அதுவே. எனவே பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வாக்கியம் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். பேசும்போது தானாக வரும்.