செல் போடும் கூச்சல்

ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். வீட்டுக்காரர் கூச்சல் போடுகிறார். பக்கத்து வீட்டார் என்ன செய்வார்கள்? விளக்கைப் போடுவார்கள். கதவைத் தாழிடுவார்கள். தடியை எடுப்பார்கள்.

நம் உடம்பிலும் இப்படித்தான் நடக்கிறது.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் என்னும் கிருமி அதைவிடச் சிறியது. அது செல்லுக்குள் புகுந்து பெருகும்.

அப்போது அந்தச் செல் ஒரு புரதத்தை வெளியே அனுப்பும். அதன் பெயர் இன்டர்ஃபெரான். இதுதான் செல் போடும் கூச்சல். 1957-ஆம் ஆண்டில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்ற இரு விஞ்ஞானிகள் இதை லண்டனில் கண்டுபிடித்தார்கள்.

சேதி எப்படிப் போகிறது?

இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்லின் மேல் வந்து ஒட்டும். வாசலில் நின்றே சேதி சொல்லும். அதை உள்ளே கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் ‘ஸ்டாட்’ என்னும் புரதம். சேதி வந்ததும் அது விழித்துக்கொள்ளும். செல்லின் கருவுக்குள் போகும்.

கருவில் மரபணுக்கள் உள்ளன. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் அவற்றில் இருக்கும். ஸ்டாட் அங்கே போய் ‘சுவிட்ச்’ போடும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். புதிய புரதங்கள் உருவாகும். சில புரதங்கள் வைரஸ் நுழைவதைத் தடுக்கும். சில அது பெருகாமல் நிறுத்தும்.

காய்ச்சலில் உடம்பு வலிக்கிறதே, ஏன்? இன்டர்ஃபெரானும் அதற்கு ஒரு காரணம். உள்ளே சண்டை நடக்கிறது என்று பொருள்.

வேலை முடிந்ததும் செல்லே சுவிட்சை அணைத்துவிடும். அணையாவிட்டால் நம் உடம்புக்கே கெடுதல்.

சேதி போகாவிட்டால்?

மிகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஸ்டாட் வேலை செய்வதில்லை. கூச்சல் உண்டு, கேட்க ஆள் இல்லை. மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத கிருமிகூட இவர்களின் உயிரைப் பறிக்கலாம்.

கொரோனாவால் உயிருக்குப் போராடியவர்களை 2020-இல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு இன்டர்ஃபெரான் முடங்கிக் கிடந்தது. முடக்கியது யார்? அவர்கள் இரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் பொருளேதான்!

நாம் செய்ய வேண்டியது

ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது. அதை நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஓய்வு எடுங்கள். கஞ்சி, தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.