1959 பேஸ் ஆம்ப்... உண்மையிலேயே ஒரிஜினலா? உள்ளே இருக்கும் எண்களைப் படிப்பது எப்படி?

மஞ்சள் நிற ட்வீட் துணி போர்த்திய மரப்பெட்டி. உள்ளே நான்கு ஸ்பீக்கர்கள், சில வால்வுகள். பார்ப்பதற்குப் பழைய சூட்கேஸ் மாதிரி இருக்கும் இந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர், பழைய இசைக்கருவிச் சந்தையில் பல ஆயிரம் டாலர்களுக்குக் கைமாறுகிறது. ஆனால், ஒரு நிபந்தனை. உள்ளே இருப்பவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பாகங்களாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரோ டிரான்ஸ்ஃபார்மரோ மாறியிருந்தால் விலை சட்டென்று இறங்கிவிடும்.

65 வருடங்கள் ஓடிய ஒரு மெஷினில் எது ஒரிஜினல், எது பிறகு வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பேஸ்மேனுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். 1951-ல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் கிட்டாரின் கனத்த ஒலியைத் தாங்க ஒரு ஆம்ப் தேவைப்பட்டது. 1952-ல் பேஸ்மேன் பிறந்தது. ஆரம்பத்தில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான். பிறகு 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு என மாறி, 1950-களின் கடைசியில் 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்டுக்கு வந்து நின்றது.

வேடிக்கை என்னவென்றால், பேஸுக்காகச் செய்ததை கிட்டார்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் முதல் மார்ஷல் ஆம்பை உருவாக்கியபோது, அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த 5எஃப்6-ஏ-வைத்தான். ராக் இசையின் சத்தத்துக்கே இது தாத்தா முறை.

பாகத்தின் பிறந்த தேதி

பலரும் முதலில் தேடுவது சீரியல் நம்பரை. அதை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்பு அதிகம். எண் பொறித்த சேஸிஸ்கள் எல்லாம் வரிசைப்படியே பயன்படுத்தப்பட்டன என்று சொல்ல முடியாது. அதைவிட நம்பகமான தகவல் ஒவ்வொரு பாகத்தின் மேலும் இருக்கிறது.

அந்தக் கால அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு பொதுவான குறியீட்டு முறை இருந்தது. முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனம். 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. இவை இரண்டும் ஸ்பீக்கர் கம்பெனிகள். வால்யூம், டோன் திருகுகளுக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலில் 304 என்றால் ஸ்டேக்போல், 137 என்றால் சிடிஎஸ். 1960-களின் டிரான்ஸ்ஃபார்மர்களில் அடிக்கடி பார்க்கும் 606, ஷூமேக்கர்.

அடுத்து வருவது வருடம், கடைசி இரண்டு இலக்கங்கள் வாரம். ஒரு ஸ்பீக்கரில் 220902 என்று இருந்தால், ஜென்சன் கம்பெனி, 9-ல் முடியும் வருடம், இரண்டாவது வாரம். 1949-ஆ, 1959-ஆ? பேஸ்மேனே 1952-ல்தான் வந்தது என்பதால் 1959 என்று முடிவு செய்யலாம். பிற்காலத்தில் வருடத்தை இரண்டு இலக்கமாக அச்சிட்டார்கள். 1376623 என்றால் சிடிஎஸ், 1966-ன் 23-வது வாரம்.

கொஞ்சம் பொறுங்க, இது பாகம் தயாரான தேதி, ஆம்ப் தயாரான தேதி இல்லை. பாகங்கள் குடோனில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். ஆகவே 'இந்தத் தேதிக்கு முன்னால் இந்த ஆம்ப் இருந்திருக்க முடியாது' என்று மட்டும்தான் அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியும்.

இரண்டே எழுத்துகள்

பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்த வால்வு எந்த இடத்தில் என்று காட்டும் அட்டவணை அது. அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து வருடம். 'ஏ' என்றால் 1951. இரண்டாவது மாதம், 'ஏ' என்றால் ஜனவரி. அப்படிப் பார்த்தால் 'ஐசி' என்பது 1959 மார்ச்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அட்டவணையில் 'ஐசி'. கன்ட்ரோல்களில் 304848, அதாவது 1958-ன் 48-வது வாரம். மூன்று ஸ்பீக்கர்களில் 220902. எல்லாமே மார்ச்சுக்குச் சில மாதங்கள் முன்பு, கணக்கு இடிக்கவில்லை. நான்காவது ஸ்பீக்கரில் மட்டும் 465 என்று தொடங்கினால்? அது பிறகு யாரோ மாற்றியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அட்டவணைக் காகிதத்தை மட்டும் நம்பவும் கூடாது. பழையது போலவே அச்சிட்ட காகிதங்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்பீக்கரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எண் இருப்பது இரும்புச் சட்டத்தில். உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு கிழிந்து, புதிதாகப் போட்டிருந்தாலும் எண் அப்படியேதான் இருக்கும்.

ஈயம் பொய் சொல்லாது

அனுபவசாலிகள் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஈயம் வைத்த இடங்களைப் பார்ப்பார்கள். பழைய பற்றவைப்பு மங்கிப்போய், தூசி படிந்து இருக்கும். பளபளவென்று மின்னினால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எண் சரியாகவே இருந்தாலும், அதன் வயர்கள் புது ஈயத்தில் நின்றால், வேறொரு ஆம்பில் இருந்து கழற்றி வந்ததா என்ற கேள்வி எழும்.

1950-களின் ஃபெண்டரில் துணி சுற்றிய வயர்கள், கறுப்பு நிற ஃபைபர் பலகை, மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் கெபாசிட்டர்கள் இருக்கும். சில ஆம்ப்களில் சேஸிஸுக்குள் சின்ன மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றும் இருக்கும். அதில் கையால் எழுதிய ஒரு பெயர். அந்த ஆம்பின் வயர்களைப் பொருத்தியவரின் பெயர் அது, பெரும்பாலும் ஒரு பெண். பல வரலாற்றுப் புத்தகங்களில் இடம் கிடைக்காத அந்தத் தொழிலாளிகளின் கையெழுத்துதான் இன்று ஆம்பின் நம்பகத்தன்மைக்குச் சாட்சி.

1990-ல் ஃபெண்டரே இந்த மாடலை மறுபடியும் வெளியிட்டது. வெளியில் அதே ட்வீட் முகம். திறந்து பார்த்தால் பிரின்டட் சர்க்யூட் போர்டு இருக்கும். குழப்பமே வராது.

எல்லாம் ஒரிஜினலா இருந்தா நல்லதா?

இல்லை! பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் சில பத்தாண்டுகளில் காய்ந்துவிடும். அவை மாறியிருப்பது நல்ல பராமரிப்பின் அடையாளம். அதேபோல, பழைய இரண்டு முள் பவர் கார்டுக்குப் பதிலாக எர்த் உள்ள மூன்று முள் கார்டு இருந்தால், முகம் சுளிக்கத் தேவையில்லை. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு வந்தால், கிட்டார் கம்பி வழியாகவே ஷாக் அடிக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு மாற்றங்களுக்காக விலையைக் குறைப்பதில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுக் கொடுப்பவர் நல்ல விற்பனையாளர்.

நீங்களே திறந்து பார்க்கலாமா? வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அந்த மின்சாரம் தங்கியிருக்கலாம். வால்வு ஆம்ப் வேலை தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் விற்ற ஆம்ப் சுமார் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அவ்வளவுதான்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய போட்டோக்கள்: சேஸிஸின் உட்புறம் முழுவதும், நான்கு ஸ்பீக்கரின் எண்கள், கன்ட்ரோல்களின் பின்பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் எண்கள், வால்வு அட்டவணையின் ஸ்டாம்ப். 'திறந்தா ஒரிஜினாலிட்டி போயிடும்' என்று சொல்லி ஒருவர் மறுத்தால், வேறு ஆளைப் பாருங்கள். பின்பலகையையும் சேஸிஸையும் சில ஸ்க்ரூக்களைத் திருகியே கழற்றிவிடலாம்.